ஒரு டஜன் பேருக்காக நிலைச்சுப்போன டேப்

ஒரு ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தா, நாம எழுதின கோடுக்குப் பக்கத்துல வேற சில ஃபைல்களும் உட்கார்ந்திருக்கும். 'டாட் எஸ்எல்என்'னு முடிஞ்சா அது விஷுவல் ஸ்டூடியோ படிக்கிறது. 'பில்ட் டாட் எக்ஸ்எம்எல்'னா ஜாவா உலகத்தோட ஆன்ட். இதுக்கு நடுவுல 'மேக்ஃபைல்'னு ஒண்ணு இருக்கும், எக்ஸ்டென்ஷனே இல்லாம. இதுல மூத்தது அதுதான். இன்னைக்கு அதோட கதை.

வருஷம் 1976. இடம் அமெரிக்காவின் பெல் லேப்ஸ், யூனிக்ஸ் பிறந்த வீடு. அங்கே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரின் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் கடுப்போட நுழையறார். யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதினவர் இவர். ப்ரோக்ராம்ல இருந்த பிழையைத் திருத்திட்டார். ஆனா காலை முழுக்க அதே பிழை திரும்பத் திரும்ப வருது. காரணம் ரொம்பச் சின்னது. டாட் சி ஃபைலைத் திருத்தினவர், அதை மறுபடி கம்பைல் பண்ணலை. பழைய டாட் ஓ ஃபைல்தான் ஓடிட்டிருந்தது. வேடிக்கை என்னன்னா, முந்தின நாள் சாயங்காலம் ஃபெல்ட்மனும் இதே மாதிரி சிக்கலில்தான் நேரத்தைத் தொலைச்சிருந்தார்.

அந்த வார இறுதியிலேயே 'மேக்' உருவாச்சு. யோசனை எளிமையானது: எந்த ஃபைல் எதை நம்பியிருக்குன்னு ஒரு இடத்துல எழுதி வை. டாட் ஓவை விட டாட் சி புதுசா இருந்தா, அதை மட்டும் திரும்பக் கம்பைல் பண்ணு. மனுஷ ஞாபகத்துல இருந்த வேலை, ஃபைலோட தேதியும் நேரமும் பார்க்கிற மெஷினுக்குப் போச்சு. மேக் தன் ஃபைலை அந்தப் பெயரை வச்சே தேடும். அதனால எக்ஸ்டென்ஷன் தேவைப்படலை.

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம். மேக்ஃபைல்ல ஒவ்வொரு கட்டளை வரியும் டேப்ல தொடங்கணும். எட்டு ஸ்பேஸ் வச்சா கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்'னு நின்னுடும். ஏன் இப்படி? அப்போ புதுசா வந்திருந்த லெக்ஸ் என்ற கருவியை ஃபெல்ட்மன் முயற்சி பண்ணார். அது சிக்கலாகவே, வரித் தொடக்கத்துல டேப் இருந்தா கட்டளைன்னு சுலபமான விதியை வச்சுட்டார். சில வாரங்கள்ல சுமார் ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, பெரும்பாலும் நண்பர்கள். விதியை மாத்தினா அவங்க ஃபைல்கள் உடையும். அதனால மாத்தலை.

அந்த டஜன் பேருக்காக விட்டுவச்ச டேப், இன்னைக்கும் புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் தடுக்கி விடுது. 2000-ல் வெளிவந்த ஆன்ட், எக்ஸ்எம்எல்லுக்குப் போக இந்த டேப் எரிச்சலும் ஒரு காரணம். க்னூ மேக்கில் டேப்புக்குப் பதிலா வேற குறியை வச்சுக்கிற வசதி 2010-ல்தான் வந்தது. அப்பவும் டேப்தான் டீஃபால்ட்.

ஃபெல்ட்மனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. 2003-ல் மேக்குக்காக அவருக்கு ஏசிஎம் விருது கிடைச்சது நியாயம்தான். ஆனா ஒண்ணு: உங்க கருவியை இப்போ பத்துப் பேர்தான் பயன்படுத்தறாங்கன்னா, சங்கடமான மாற்றத்தைச் செய்ய அதுதான் நல்ல நேரம். பத்து லட்சம் பேர் வந்தப்புறம் நினைச்சாலும் முடியாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.