தளர்தோல் (எடைக்குறைவுக்குப் பின்)

உடற்பருமனால் பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல், எடை பெருமளவில் குறைந்த பின்னும் சுருங்காமல் வயிறு, மேற்கை, தொடை, மார்பு ஆகிய இடங்களில் மடிப்புகளாகத் தொங்கும் நிலை தளர்தோல் எனப்படும். மேல்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கில், உறுதி தரும் கொலாஜன் இழைகளும், இழுத்துவிட்ட தோலைப் பழைய நிலைக்கு மீட்கும் எலாஸ்டின் இழைகளும் பின்னியுள்ளன. நெடுநாள் இழுவிசையில் இவை சிதைவதால், உள்ளிருந்த கொழுப்பு கரைந்த பின்னும் உறை மட்டும் எஞ்சுகிறது. வயது, புகைப்பழக்கம், வெயில், மரபு ஆகியன இதன் அளவை மாற்றும்.

இதனை வெறும் அழகுக் குறையாகக் கருதுவது பிழை. மடிப்புகளுக்கிடையே வியர்வை தேங்கித் தோல் உராய்வதால் சிவந்து புண்ணாகி, பூஞ்சைத் தொற்றுக்கும் இடங்கொடுக்கும் மடிப்புத்தோல் அழற்சி, வெப்பநாடுகளில் பெருந்தொல்லை தருவது. நாள்தோறும் கழுவி ஈரத்தை ஒற்றியெடுப்பதும், தொங்கும் பகுதியைத் தாங்கும் உள்ளாடை அணிவதும் முதற்கட்டத் தீர்வுகள். உடற்பயிற்சி அடியிலுள்ள தசையைப் பருக்கச்செய்து தளர்வை ஓரளவு மறைக்குமேயன்றித் தோலைச் சுருக்காது. விளம்பரங்கள் புகழும் களிம்புகளைப் பற்றியோ அவ்வளவுகூடச் சொல்வதற்கில்லை.

மிகுந்த தளர்வுக்கு அறுவைச் சிகிச்சையே வழி. 1899இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்னும் மருத்துவர் அடிவயிற்றுத் தொங்கலை வெட்டி நீக்கியது இத்துறையின் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்று. தொங்கலை மட்டும் அகற்றுவது தொங்குதோல் நீக்கம் என்றும், விலகிய வயிற்றுத் தசைகளையும் சேர்த்துத் தைப்பது வயிற்றுச் சீரமைப்பு என்றும் வேறுபடுத்தப்படும். எடை சில மாதங்களேனும் நிலைத்திருப்பதையும், புண் ஆறத் தேவையான புரதம், இரும்புச்சத்து ஆகியவை போதிய அளவில் இருப்பதையும் உறுதிசெய்த பின்னரே மருத்துவர்கள் இதற்கு இசைவர். நீண்ட தழும்பு இதன் தவிர்க்கவியலாத விலை.