ஒரே குண்டும் பத்துக் குண்டும்: சிங்கப்பூர்ப் புலி வேட்டையின் துப்பாக்கிகள்



சிங்கப்பூரில் புலி என்ற பேச்சை வகுப்பில் எடுத்தால் மாணவர்கள் உடனே சொல்லும் கதை ஒன்றுதான். ராஃபிள்ஸ் ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலி பதுங்கியது, ஒரு வெள்ளைக்காரர் சுட்டுக் கொன்றார் என்பார்கள். கதையில் பாதி சரி. அந்தப் புலி காட்டுப் புலியன்று. கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு காட்சியிலிருந்து தப்பி வந்தது. பதுங்கியதும் மேசைக்கு அடியிலன்று. தூண்கள்மீது உயர்த்திக் கட்டப்பட்ட பில்லியர்ட்ஸ் கூடத்தின் தரைக்கு அடியில். ஆண்டு 1902. சுட்டவர் ராஃபிள்ஸ் கல்விநிலையத்தின் தலைமையாசிரியர் சார்ல்ஸ் ஃபிலிப்ஸ். (நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு!)

இக்கதையில் நான் கவனிக்கச் சொல்வது அவர் கையிலிருந்த கருவியை. அது லீ-என்ஃபீல்டு. 1895-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட தொழிற்சாலைத் துப்பாக்கி. அதன் குழலின் உட்சுவரில் திருகாணியைப் போல் ஐந்து வரிகள் வெட்டப்பட்டிருக்கும்; குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று வெளியேறுவதால் பறக்கும்போது தள்ளாடாமல் நேரே செல்லும். வேகம் நொடிக்கு 600 மீட்டருக்கு மேல். கீழே ஒரு பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் காத்திருக்கும். தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். ஃபிலிப்ஸின் முதற்குண்டில் புலி விழவில்லை. பலமுறை சுட்ட பின்னரே விழுந்தது. முதற்குண்டு தவறியும் அவர் உயிரோடிருந்ததற்கு அந்தப் பெட்டியும் தாழ்ப்பாளும் காரணம் என்று எண்ணுகிறேன்.

இதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பு இதே தீவில், இப்படியொரு பெட்டியும் தாழ்ப்பாளும் இல்லாத துப்பாக்கிகளோடு, மெய்யான காட்டுப் புலிகளைத் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்.

அன்றைய சூழலை முதலில் சொல்ல வேண்டும். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் நம் சுவா சூ காங்கும் சுற்றுப்புறமும் 19-ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்கள். ஊர்ப்பெயரே அதைச் சொல்லும். ‘சுவா’ தியோச்சியூச் சீனரின் குலப்பெயர், ‘காங்’ ஆறு. ஆற்றங்கரையில் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட குலத்தின் பெயர் ஊருக்கு நிலைத்தது. புதிதாக வெட்டிய காட்டின் விளிம்பில் வேலை செய்தவர்கள்தாம் புலிக்கு முதலில் இரையானார்கள். 1854-இல் இங்கு வந்த இயற்கையறிஞர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், புலிகள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு சீனத் தொழிலாளியைக் கொன்றன என்று எழுதியுள்ளார். அது எண்ணிப் பார்த்த கணக்கா, ஊர்ப்பேச்சா என்று ஐயுறலாம். அச்சம் மெய்யானது என்பதில் ஐயமில்லை. காட்டுப் பாதைகளில் புலிக்காக வெட்டி இலைதழையால் மூடிய ஆழ்குழிகளில் தாமே விழப் பார்த்ததையும் அவர் குறிப்பிடுகிறார். துப்பாக்கிக்கு முன்னால் அந்தக் குழிதான் ஏழைத் தொழிலாளியின் ஆயுதம்.

கைதிகள் இங்கு வந்தது 1825-இல். பென்கூலனிலிருந்து ஏப்ரல் மாதம் வந்திறங்கிய முதல் அணியில் இருந்த எண்பது பேரும் சென்னை மாகாணத்துக் கைதிகள். சாலைகள், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இன்று இஸ்தானாவாக விளங்கும் ஆளுநர் மாளிகை எல்லாம் கைதிகளின் உழைப்பு. 1835-இல் காட்டுக்குள் சாலைக்கு நிலமளந்துகொண்டிருந்த பொறியாளர் கோல்மேன்மீது புலி பாய்ந்து அளவைக்கருவி உடைந்ததே, அப்போது உடனிருந்த பணியாட்களும் இந்தியக் கைதிகளே. பின்னாளில் புலித் தொல்லை பெருகியபோது, 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கைதிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, கையில் மஸ்கட் துப்பாக்கி கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பியது அரசு. கைதிக்குச் சிறை நிருவாகமே துப்பாக்கி கொடுத்த விந்தை! கைதிகளை அவர்களுக்குள்ளேயே காவலராக நியமித்து நடத்திய சிறை அது. அதன் பொறுப்பாளராயிருந்த மெக்நேர் பிற்காலத்தில், 1899-இல், இவற்றையெல்லாம் நூலாக எழுதினார்.

அந்த மஸ்கட் எத்தகையது? எடை நாலரைக் கிலோவுக்கு அருகில். குழல் ஓர் ஆளின் இடுப்பளவு நீளம். உள்ளே வரிகள் இல்லாத வழுவழுப்பான குழாய். நிறுத்திப் பிடித்து, வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்திக் குதிரையைப் பின்னுக்கு இழுத்துக் குறிபார்க்க வேண்டும். தேர்ந்த படைவீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான். அதாவது ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே இருபது நொடி. குண்டு ஓரளவு குறி தவறாமல் போவது ஐம்பது, அறுபது மீட்டர் வரைதான். பாயும் புலி ஐம்பது மீட்டரைக் கடக்க நான்கு நொடி போதும். கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், விடை அவர்கள் முகத்திலேயே தெரியும். போதாக்குறைக்கு நம் ஊர் மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் பெய்யும் தீவில் மருந்தைக் காயவைத்துக் காப்பதே பாதி வேட்டை. சுட்டவுடன் எழும் வெண்புகை கண்ணை மறைக்கும். புலி விழுந்ததா வருகிறதா என்பது புகை விலகும்போதுதான் தெரியும்.

ஆகையால் மஸ்கட் ஏந்தியவன் புலியைத் துரத்த முடியாது. அது வரும் வழியை அறிய வேண்டும். காற்று வீசும் திசை பார்த்து அமர வேண்டும். மிக அருகில் வரும்வரை மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டும். ஒரே குண்டு என்னும் குறைபாடுதான் வேட்டைக்காரனைக் காட்டைப் படிக்க வைத்தது. தமிழகத்தில் நரிக்குறவர் தோளில் சுமந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியும், இலங்கையில் வன்னி மக்கள் ‘இடியன் துவக்கு’ என்றழைக்கும் துப்பாக்கியும் இதே வகையின. மருந்தை இடித்து நிரப்பும் கருவிக்கு இடியன் என்பதைவிடப் பொருத்தமான பெயர் வேறு எது!

நாட்டுத் துப்பாக்கிக்கு இன்னொரு தன்மையும் உண்டு. ஊர்க் கொல்லர் அதைச் செய்வார், உடைந்தால் அவரே செப்பனிடுவார். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் மருந்து. ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தால் குண்டு. ஆனால் ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. கைதிகளின் மஸ்கட் சீமைச் சரக்கென்றாலும், அவ்வகைத் துப்பாக்கியும் பட்டறைகளில் கையால் அராவிப் பொருத்தப்பட்டதுதான். இந்நிலையை மாற்றியது இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலை. 1850-களில் அமெரிக்க எந்திரங்களை நிறுவி, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளை அது செய்யத் தொடங்கியது. (1857-இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த கொழுப்புத் தடவிய தோட்டா ‘என்ஃபீல்டு’ துப்பாக்கிக்கு உரியதே.) அன்றுமுதல் திறமை சுடுபவனின் கையிலிருந்து மெல்லமெல்ல எந்திரத்துக்கு இடம்பெயர்ந்தது. கூடவே சார்பும் வந்தது. தொழிற்சாலைத் தோட்டா தீர்ந்தால் லீ-என்ஃபீல்டு வெறும் இரும்புத் தடி. ஊர்க் கொல்லரால் அதற்குத் தோட்டா வார்க்க இயலாது.

பழையதே சிறந்தது என்று நான் வாதிடவில்லை. காயப்பட்டுக் காட்டுக்குள் ஓடிப் பல நாள் துடிக்கும் விலங்கையும், குழல் வெடித்து விரலிழந்த வேட்டைக்காரனையும் தந்தது பழைய துப்பாக்கிதான். அதுபோலவே, புதிய துப்பாக்கிதான் சிங்கப்பூர்ப் புலியை அழித்தது என்று சொல்வதும் சரியாகாது. காடு தோட்டமாகி, தோட்டம் ஊராகி, புலிக்கு இடமில்லாமற் போயிற்று. துப்பாக்கி எஞ்சியதை முடித்தது. கடைசிக் காட்டுப் புலி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1930 அக்டோபரில் சுடப்பட்டது. சுட்டவர் ஓங் கிம் ஹொங். இடம், நம் சுவா சூ காங் கிராமம்.

ஃபிலிப்ஸின் பெயரும் ஓங் கிம் ஹொங்கின் பெயரும் எளிதில் கிடைக்கின்றன. மஸ்கட்டோடு காட்டுக்குள் போன கைதியின் பெயரை நம் பிள்ளைகள் எங்கும் படிப்பதில்லை. தேசிய சேவையில் முப்பது தோட்டாக்கள் கொள்ளும் சார்-21 துப்பாக்கியைக் கையாளப்போகும் உயர்நிலை மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்கள், ஒரு நீண்ட அளவுகோலைத் துப்பாக்கிக் குழலாகவும் மற்றொன்றை இடிக்கும் கம்பியாகவும் வைத்து, மருந்திடுவது முதல் குறிபார்ப்பது வரை ஒரு மாணவனைச் செய்யச் சொல்லுங்கள். மற்றவர்கள் உரக்க எண்ணட்டும். நான்கு என்னும்போது புலி வந்துவிடும். அவன் அப்போது மருந்தைக்கூடக் கொட்டி முடித்திருக்கமாட்டான்.