பழவேற்காட்டில் ஒரு றகரம்

போன வருஷம் பழவேற்காடு போவதற்கு முன்பு, கோட்டைக்குப்பத்துப் படகுக்காரத் தம்பி ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். "நாளைக்குப் பாடு, வர முடியாதுண்ணா" என்று ஆங்கில எழுத்தில் பதில் வந்தது. வீட்டில் ஏதோ கஷ்டம் போல என்று நினைத்து நாலு வரி ஆறுதல் எழுதினேன். அந்த ஏரியில் பாடு என்றால் வலை போடும் இடம். குப்பத்துக்காரர்கள் முறைவைத்து இறங்குவார்கள். மறுநாள் அவருடைய முறை, அவ்வளவுதான்! என் ஆறுதலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து வந்து சேரும் வழியைச் சொல்லும்போது ஊர்ப்பெயரைத் தமிழில் 'பழவேர்க்காடு' என்று தட்டியிருந்தார். எழுத்துப் பிழை பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. திருத்தினேன். "ரெண்டும் ஒண்ணாத்தானேண்ணா கேக்குது?" என்றார்.

கேட்கிறதென்னவோ ஒன்றாகத்தான். கன்னியாகுமரிப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் ரகரமும் றகரமும் இன்னும் தனித்தனியாகக் காதில் விழும். வடதமிழ்நாட்டில் அது போய் ரொம்ப நாளாச்சு. பேச்சில் நிற்க என்பதே நிக்க ஆகிவிடும்போது, வேற்காடும் வேக்காடாகிவிடும். காது உதவாத இடத்தில் ஆள் அர்த்தத்தைத்தான் பிடித்துக்கொள்வான். ஏரிக்கரையில் அலையாத்திச் செடிகள் இருக்கின்றன, வேர்கள் வெளியே தெரிகின்றன. பழைய வேர்களின் காடு, பழவேர்க்காடு. கச்சிதமாகப் பொருந்துகிறது!

பொருந்துவதுதான் தொல்லை. அந்த ஒரு எழுத்தை மாற்றினால் மரமே மாறிவிடுகிறது. கல்லும் கண்டும் சேர்ந்து கற்கண்டு ஆவதுபோல வேலும் காடும் சேர்ந்து வேற்காடு. வேல் என்றால் வேலமரம். சென்னைக்குப் பக்கத்துத் திருவேற்காடும் இதே சேர்க்கைதான். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சேஷகிரி சாஸ்திரி சொன்னதாக இந்த ஊருக்குப் 'பழைய வேற்காடு' என்றே பொருள் தருகிறது, தேவாரத்தில் வரும் வேற்காட்டையும் நினைவுபடுத்துகிறது.

இன்னொரு வகையும் உண்டு: 'பழவேற்க்காடு'. முயற்ச்சி, கற்க்கண்டு எழுதும் அதே கை. ர், ழ், ய் மூன்றுக்கும் பின்னால் இன்னொரு மெய் வந்து ஒட்டிக்கொள்ளலாம்: பார்க்க, வாழ்த்து, காய்ச்சல். றகர மெய்க்குப் பின்னால் அப்படி வராது. அதுவே வல்லினம், இன்னொரு வல்லின மெய்யைத் தாங்காது.

இதையெல்லாம் கைப்பேசி கெடுத்தது என்கிறார்கள். இந்த ஊர்ப்பெயரைக் கெடுக்கும் வேலை கைப்பேசிக்கு 400 வருஷம் முன்பே முடிந்துவிட்டது. போர்ச்சுகீசியர் பாலியாகாத்தே என்றார்கள். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் பாலியாகட்டா என்றார்கள். ழகரம் லகரமாகியது, வேல் சுத்தமாகக் காணோம். அந்தப் பிழையான பெயரோடுதான் இங்கிருந்து துணி கப்பலேறியது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றைக்கும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள், நம் ஊர்ப்பெயர்தான். சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறிப் போனது. துணியில் ஒட்டிய பெயர் போகவில்லை.

ஆங்கிலேயர் அதைப் புலிகாட் ஆக்கினார்கள். இப்போது நாமே அதைத் தமிழில் 'புலிகாட் ஏரி' என்று எழுதுகிறோம். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இதில்தான். தம்பியின் பிழையில் ஊர்க்காரன் காதாவது இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது? புலி கூட இல்லை.

சரி, ஆங்கிலத்திலாவது தமிழ் உச்சரிப்புப்படி எழுதுவோம் என்று தமிழக அரசு 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களுக்குப் புது எழுத்து அறிவித்தது. எழுந்த கேலியில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள்.

தம்பிக்கு வேலமரக் கதையைக் குரல் பதிவாக அனுப்பிவைத்தேன். முழுசாகக் கேட்டாராம். மறுவாரம் ஏரியில் பிடித்த இறாலின் படம் வந்தது. கீழே கவனமாகத் தட்டியிருந்தார்: 'பழவேற்க்காடு'.

கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டு, இறால் என்ன விலை என்று கேட்டேன்.