இரண்டு தலைப்புகள்: மாணவர் சந்திரசேகரின் ஆய்வுத் தொடக்கம், 1928–1929

எஸ். சந்திரசேகர் ஆய்வுக்குள் நுழைந்த கதையைக் காமேஸ்வர் வாலி 1991இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே பெரும்பாலும் சொல்லிவருகிறோம். 1928இன் பிற்பகுதியில் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப்போனார். தம் நூலில் மாணவர் படித்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்றார் பேராசிரியர். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். இந்தச் சந்திப்பே திருப்புமுனை என்கிறார் வாலி. சந்திரசேகரும் பிற்காலத்தில் அப்படியே நினைவுகூர்ந்தார் என்பதால் இதை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் நினைவு ஒன்று சொல்ல, அச்சேறிய தலைப்புகள் வேறொன்று சொல்கின்றன.

1928இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் வந்த அவருடைய முதல் கட்டுரை, விண்மீன்களின் உட்பகுதியை முன்வைத்துக் காம்ப்டன் விளைவின் (எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் பட்டுச் சிதறுகையில் ஆற்றல் இழப்பது) வெப்ப இயக்கவியலைப் பேசுவது. 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது, காம்ப்டன் சிதறலும் புதிய புள்ளியியலும் பற்றியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். விண்மீன் போய்விட்டது; ஃபெர்மி–டிராக் புள்ளியியல் வந்துவிட்டது; காம்ப்டன் மட்டும் இரண்டிலும் இருக்கிறார். புள்ளியியல் சோமர்ஃபெல்ட் தந்த அச்சுப்படி வழியே வந்தது, ஐயமில்லை. அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவதற்கு ஒரு கணக்கு அந்தப் பதினெட்டு வயதுப் பையனிடம் முன்பே இருந்தது என்பதே என் வாதம்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1928 கோடையில் அவர் கல்கத்தாவில், பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், சிற்றப்பா சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். ராமன் விளைவு பிப்ரவரி 28 அன்றுதான் கண்டறியப்பட்டிருந்தது. காம்ப்டன் விளைவுக்கு ஒளியில் ஓர் இணை உண்டா என்ற கேள்வி அந்தக் கண்டுபிடிப்போடு பின்னியிருந்தது; அதில் ராமனோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் அதே கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு கோடையைக் கழித்த மாணவரின் காதில் காம்ப்டன் பெயர் விழாமல் இருந்திருக்குமா? வாலியும் இந்தக் கோடையைச் சொல்கிறார், ஆனால் முன்னுரைபோலக் கடந்துவிடுகிறார். ஓட்டல் அறையில் கழிந்த சிறுபொழுதுக்குக் கொடுத்த எடையை இந்த வாரங்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

என் வாதத்தில் ஓர் இடைவெளி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியான ஆண்டைக் கொண்டு எழுதிய மாதத்தைச் சொல்ல முடியாது. சென்னையில் தானே படித்த நூல்களிலிருந்து காம்ப்டனை அவர் எடுத்திருக்கவும் கூடும். முதல் கட்டுரையின் தலைப்பில் சோமர்ஃபெல்டின் தடம் இல்லை என்ற அளவில்தான் நான் உறுதியாக நிற்கிறேன்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. வாலியின் வாசிப்பை நம்பினால், பெரிய விஞ்ஞானி ஒருவரை அழைத்து ஒருநாள் உரை வைத்தாலே இளநிலை மாணவருக்கு ஆய்வில் ஆர்வம் பிறந்துவிடும் என்று கல்லூரிகள் எண்ணிக்கொள்ளும். மாறாக, ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி இன்று மற்ற இரு தேசிய அகாதமிகளோடு சேர்ந்து, கோடையில் மாணவர்களை இரண்டு மாதம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறது. சிற்றப்பா ராமனாக இல்லாத மாணவருக்கும் ஒரு பௌபஜார் கிடைக்கும் வழி அது.