இலாகோ மாளிகையின் வாசலில்

இந்தியாவின் முதல் எண்ணியல் கணினி 1950களின் நடுவில் வந்து இறங்கிய இடம் கல்கத்தா. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில், பிரிட்டனில் செய்யப்பட்ட அந்த எந்திரம் அறிவியலாளரின் கருவியாக அமர்ந்தது. அதே நகரில், 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிரபோர்ன் சாலையின் இலாகோ மாளிகையில் கணினி நிறுவ முனைந்தபோது ஊழியர்கள் முறைவைத்து இரவும் பகலும் காவல் நின்று தடுத்தனர். பம்பாயில் நுழைந்துவிட்ட கணினியால் இங்கே நுழைய இயலவில்லை.

இதனை அறிவியலுக்கு எதிரான அச்சம் என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. பிரீமிய அறிவிப்பு, பாலிசிப் பேரேடு, முகவர் கமிஷன் கணக்கு ஆகியவையே காப்பீட்டு எழுத்தரின் அன்றாடப் பணி. கணினி கேட்டதும் அதையேதான். பிரிவினை அகதிகள் குவிந்திருந்த நகரில் ஓர் எழுத்தரின் சம்பளத்தை எத்தனை வாய்கள் நம்பியிருந்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும் (வேலையின்மையைப் பேசாமல் தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்).

அத்தடுப்பை ஆதரித்த இடதுசாரி மரபில் வந்த புத்ததேவ் பட்டாச்சார்யாவே, 2000இல் முதல்வரானபின், சால்ட் லேக் ஐந்தாம் பிரிவுக்கு மென்பொருள் நிறுவனங்களை வரவேற்றார். வேலைகள் வந்தன. இலாகோவில் காவல் நின்றோருக்கு இருந்த வலுவான சங்கம் மட்டும் அங்கே எளிதில் அமையவில்லை.