129 பந்துகள்

எங்கள் வீட்டில் டிவியில் பந்து பார்ப்பதென்றால் பக்கத்தில் மாமா இருப்பார். அவருடைய குழு தோற்றால் ஒரே வசனம்தான்: “ரெஃப்ரி காசு வாங்கிட்டான்டா.” ஆதாரமெல்லாம் கேட்கக்கூடாது. சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கை. 2025 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க நடுவரின் வேலை போன செய்தியைப் படித்தபோது அந்த வசனம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அப்படித்தான் எனக்குச் சம்பந்தமே இல்லாத பேஸ்பாலின் வரலாற்றுக்குள் போனேன்.

பேஸ்பாலில் மட்டைக்காரர் அடிக்காமல் விட்ட பந்து ‘ஸ்ட்ரைக்’கா ‘பால்’லா என்று அவருக்குப் பின்னால் குனிந்து நிற்கும் நடுவர் சொல்ல வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் என்றால் ஆள் வெளியே. நான்கு பால் என்றால் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஆட்டத்தின் போக்கே அந்த ஒரு மனிதரின் கண்ணில் இருக்கிறது.

பேட் ஹோபெர்க்குக்கு அப்படியொரு கண். 2022 அக்டோபர் 29, உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். ஹூஸ்டனும் பிலடெல்பியாவும் மோதின. மட்டைக்காரர்கள் அடிக்காமல் விட்ட பந்துகள் 129. கணினிக் கணக்கோடு ஒப்பிட்டபோது 129 தீர்ப்பும் சரி. மனுஷனால் முடியுமா என்று ஆச்சரியப்பட்டார்கள். அவரைத்தான் லீக் வேலையைவிட்டு நீக்கியது.

அவர் பேஸ்பாலில் பந்தயம் கட்டியதாகவோ ஆட்டத்தை மாற்றியதாகவோ ஆதாரம் இல்லை என்று லீக்கே சொன்னது. தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரரான நண்பர் ஒருவரோடு பந்தயக் கணக்குகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார். அந்த நண்பர் பேஸ்பாலில் 141 முறை, கிட்டத்தட்ட 2,14,000 டாலருக்குப் பந்தயம் கட்டியிருந்தார். இருவருக்கும் இடையே போன குறுஞ்செய்திகளை ஹோபெர்க் அழித்துவிட்டார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டரசுத் தடையை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பேஸ்பால் லீக் ஒரு பெரிய காசினோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. கடையைத் திறந்து வைத்தவனே வாசலில் நின்ற ஆளை விரட்டுகிறான், இது என்ன நியாயம் என்று தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியது 1882-இல் நடந்த ஒரு விவகாரம். அப்போது ஓர் ஆட்டத்துக்கு ஒரே நடுவர்தான். டெட்ராய்ட் குழுவின் தலைவர் வில்லியம் தாம்சன், அந்நகரத்தின் மேயரும் அவரே. நடுவர் டிக் ஹியாமின் தீர்ப்புகள் தம் குழுவுக்கு எதிராகவே விழுவது அவருக்கு உறுத்தியது. தனியார் துப்பறிவாளர் ஒருவரை ஏவினார். சிக்கியது ஹியாம் ஒரு சூதாடிக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம். எந்தக் குழுமேல் பணம் கட்டுவது என்பதற்கு அதில் குறிச்சொல் இருந்தது: மரக்கட்டை வாங்கச் சொல்லித் தந்தி வந்தால் டெட்ராய்ட். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜூன் மாதம் லீக் அவரை விலக்கியது. பெரிய லீக்கில் ஆட்டத்தை விற்றதற்காக விலக்கப்பட்ட நடுவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

யோசித்துப் பாருங்கள். ஹியாம் சொன்ன தவறான தீர்ப்பு எதுவும் அவரைச் சிக்கவைக்கவில்லை. சிக்கவைக்கவும் முடியாது. தவறு எல்லா நடுவரும் செய்வதுதான். கண் ஏமாந்ததா, கை நீண்டதா என்று மைதானத்தில் நின்று யாராலும் சொல்ல முடியாது. சாட்சி வெளியே, கடிதத்தில் இருந்தது. ஹோபெர்க் விஷயத்தில் அந்தக் கடிதத்தின் இடத்தில் இருந்தவை குறுஞ்செய்திகள். அவர் குற்றவாளி என்று காட்டவும், நிரபராதி என்று காட்டவும் உதவியிருக்கக்கூடியவை அவைதான். அவற்றைத்தான் அழித்தார். அதற்குப் பிறகு 129-க்கு 129 எடுத்தும் பிரயோஜனமில்லை. நேர்மையாகத் தவறு செய்யும் உரிமைதான் ஒரு நடுவரின் சொத்து. அதைத்தான் அவர் இழந்தார்.

லீக்கின் இரட்டை வேடம்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பை இப்போது என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

போன வாரம் மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

“அப்ப அந்த 129-ம் சரிதானே?”

“சரிதான் மாமா.”

“அப்புறம் ஏண்டா தூக்குனாங்க?”

குறுஞ்செய்தி அழித்ததைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அழிச்சதுல என்னா இருந்துச்சி?”

“தெரியாது மாமா.”

மாமா டிவி பக்கம் திரும்பிச் சிரித்தார். “காசு வாங்கிட்டான்டா.”

இந்த முறை என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.