உலகத் தடகள சாம்பியன்ஷிப்: நடத்தும் நகரத் தேர்வு

ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் உலகத் தடகள சாம்பியன்ஷிப்பை நடத்தும் நகரத்தை உலகத் தடகள அமைப்பின் கவுன்சில் தேர்வு செய்கிறது. 2019 வரை சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு என்று அறியப்பட்ட அமைப்பு இது. ஒலிம்பிக் நகரத்தைத் தீர்மானிக்கச் சுமார் நூறு பேர் வாக்களிப்பார்கள். இங்கே இருபத்தாறு, இருபத்தேழு பேர்தான். இரண்டு மூன்று பேர் மனம் மாறினால் போட்டி வேறொரு கண்டத்துக்குப் போய்விடும். வாக்கெடுப்பு ஒருபுறமிருக்க, பல நகரங்களின் முயற்சி கைகூடியதும் கவிழ்ந்ததும் 400 மீட்டர் ஓடுதளம் ஒன்றுக்கு நிலையான இடம் இருந்ததா, இல்லையா என்பதைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.

கூட்டமைப்பு 1912இல் ஸ்டாக்ஹோமில் தோன்றியது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு ஒலிம்பிக் தடகளமே உலகப் போட்டியாகவும் கருதப்பட்டது. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டி கைவிடப்படவே, 1976இல் சுவீடனின் மால்மோவில் அதற்கு மட்டும் தனிப் போட்டி நடந்தது. 1980இல் நெதர்லாந்தின் சிட்டார்டில் மகளிருக்கான இரு ஓட்டங்கள் நடந்தன. இவ்விரண்டையும் உலக சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு.

முழு அளவிலான முதல் போட்டிக்கு (1983) ஹெல்சிங்கியும் மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டும் உரிமை கோரின. 1952 ஒலிம்பிக்கை நடத்திய அரங்கம் ஹெல்சிங்கிக்குத் துணை நின்றது. அந்த அரங்கத்தின் கோபுரம் 72.71 மீட்டர் உயரம். 1932 ஒலிம்பிக்கில் ஃபின்லாந்தின் மாட்டி யார்வினென் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தூரமும் அதுவே. ஈட்டி எறிந்த தூரத்தை நிமிர்த்தி வைத்துக் கோபுரமாகக் கட்டிய ஊருக்கு முதல் போட்டி கிடைத்ததில் வியப்பில்லை.

ரோம் (1987), டோக்கியோ (1991) ஆகியவற்றுக்குப் பிறகு நான்காண்டு இடைவெளி ஈராண்டாகக் குறைந்தது. முன்பு தோற்ற ஸ்டுட்கார்ட்டுக்கு 1993இல் வாய்ப்பு வந்தது. அங்கே தங்கம் வென்றவர்களுக்கு உள்ளூர்த் தயாரிப்பான மெர்சிடிஸ் கார் பரிசளிக்கப்பட்டது. 1997க்கு முதலில் முடிவான மெக்சிகோ நகரம் விலகியதாகவும் விலக்கப்பட்டதாகவும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. அதன் இடத்துக்கு வந்த ஏதென்ஸ் ஆகஸ்டில் போட்டியை நடத்தி முடித்து, செப்டம்பர் 5 அன்று ரோமை வென்று 2004 ஒலிம்பிக்கையும் பெற்றது.

லண்டனின் கதை மற்றவற்றைவிட விரிவாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு இதைத் தோண்டித் துருவி அறிக்கைகளாக வெளியிட்டதே காரணம். பழைய வெம்பிளி அரங்கத்தை வாங்கிப் புதிதாகக் கட்ட லாட்டரி நிதியிலிருந்து 12 கோடி பவுண்டு தரப்பட்டது. புதிய அரங்கம் கால்பந்தோடு தடகளத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேதான் சிக்கல். திடலைச் சுற்றி ஓடுதளம் போட்டால் கால்பந்து ரசிகர் கோல் கம்பத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போவார். போடாவிட்டால் தடகளம் இல்லை. கட்டடக் கலைஞர்கள் ஒரு விசித்திரமான வழி சொன்னார்கள். தடகளம் நடக்கும்போது மட்டும் கீழ்வரிசை இருக்கைகளை மூடி, எஃகும் கான்கிரீட்டும் கொண்ட மேடை எழுப்பி, அதன்மேல் ஓடுதளம் விரிக்கலாம் என்பது அந்த யோசனை. அப்படிச் செய்தால் தொண்ணூறாயிரம் பேர் அமரும் அரங்கத்தில் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர்தான் அமரலாம். 1999 டிசம்பரில் அமைச்சர் கிறிஸ் ஸ்மித் வெம்பிளியிலிருந்து தடகளத்தை நீக்கினார். கால்பந்துச் சங்கம் 2 கோடி பவுண்டைத் திருப்பித் தருவது என்று பேசப்பட்டது. அந்தப் பணம் வெகுநாள் சர்ச்சையாகவே இருந்தது.

மாற்றிடம் பிக்கெட்ஸ் லாக். வடக்கு லண்டனில், லீ ஆற்றின் படகு மதகு ஒன்றின் பெயரால் அறியப்படும் இடம். கோல்ஃப் மைதானத்தை ஒட்டியது. அங்கே ஓர் அரங்கம் எழும் என்ற வாக்குறுதியின் பேரில் 2000 ஏப்ரலில் கூட்டமைப்பு 2005 போட்டியை லண்டனுக்குத் தந்தது. செலவுக் கணக்கு ஏறியது. போக்குவரத்து வசதி போதாது என்ற குறையும் எழுந்தது. பேட்ரிக் கார்ட்டர் என்பவர் அரசுக்கு அளித்த ஆய்வறிக்கைக்குப் பின் 2001 அக்டோபரில் அரசு திட்டத்தைக் கைவிட்டு, ஷெஃபீல்டின் டான் வேலி அரங்கத்தை முன்வைத்தது. லண்டனுக்குத் தந்ததை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ள முடியாது என்று கூட்டமைப்பு மறுத்துவிட்டது. நாடாளுமன்றக் குழு தன் அறிக்கைக்கு, பூட்டு, மதகு என இரு பொருள் தரும் சொல்லை வைத்து, பூட்டைத் திறப்பது என்று சிலேடையாகத் தலைப்பிட்டது. அதிகாரபூர்வ ஆவணத்தில் இத்தகைய குறும்பு அபூர்வம். பெர்லின், புடாபெஸ்ட் முதலிய நகரங்களும் கேட்ட 2005 போட்டி 2002 ஏப்ரலில் மீண்டும் ஹெல்சிங்கிக்கே போயிற்று. அங்கே மழை கொட்டித் தீர்த்து ஒரு மாலை ஆட்டங்களை நிறுத்தவேண்டி வந்தது. பிக்கெட்ஸ் லாக்கில் 2007இல் திறக்கப்பட்டது ஒரு தடகளப் பயிற்சி மையம்.

2012 ஒலிம்பிக் அரங்கத்தில் ஓடுதளம் நிலைத்திருக்கும் என்று லண்டன் உறுதியளித்திருந்தது. ஆயினும் அரங்கத்தைப் பெற முயன்ற டாட்டன்ஹாம் கால்பந்துக் கழகம் ஓடுதளத்தை எடுத்துவிட நினைத்தது. அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்த வெஸ்ட் ஹாம் கழகத்தின் பேரமும் வழக்குகளால் 2011 அக்டோபரில் முறிந்தது. அரங்கம் பொதுச்சொத்தாகவே இருக்கும் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதம், நவம்பர் 11 அன்று மொனாக்கோவில் லண்டன் 16, தோஹா 10 என்ற வாக்குக் கணக்கில் 2017 போட்டி லண்டனுக்குக் கிடைத்தது. பரிசுத்தொகையான 72 லட்சம் டாலரைத் தானே தருவதாகத் தோஹா சொல்ல, லண்டனும் கடைசி நேரத்தில் அவ்வாறே ஒப்புக்கொண்டது. வாக்கெடுப்புக்கு முந்தைய இரவில் கத்தார் தரப்பு உறைகள் கொடுப்பதாகத் தன்னிடம் சொல்லப்பட்டது என்று பிரிட்டிஷ் தடகள அமைப்பின் தலைவர் எட் வார்னர் 2016இல் கூறினார். கத்தார் இதை மறுத்தது. 2017 போட்டிக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன.

2014 நவம்பரில் தோஹா மறுபடி வந்தது. பார்சிலோனா முதல் சுற்றிலேயே வெளியேற, இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் யூஜீனை 15–12 என்று வென்று 2019 போட்டியைப் பெற்றது. விளம்பரதாரர் பணமும் ஒளிபரப்புப் பணமும் தருவதாகச் சொன்னதே வாக்கைத் திருப்பியது என்பது தோற்றவர்கள் தரப்பு வாதம். போட்டியின்போது வெயிலுக்கு அஞ்சி மகளிர் மாரத்தானை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினார்கள். ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேரே முடித்தார்கள்.

ஐந்தே மாதத்தில், 2015 ஏப்ரலில், போட்டி எதுவும் வைக்காமல் 2021 வாய்ப்பு யூஜீனுக்கு வழங்கப்பட்டது. விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்த சுவீடனின் கோதன்பர்க் கொதித்தது. 2007 போட்டிக்கு ஒசாகாவும் இப்படித்தான் தேர்வானது என்பது கூட்டமைப்பின் விளக்கம். யூஜீன் நைக் நிறுவனம் வேர்விட்ட ஊர். பின்னர் கூட்டமைப்பின் தலைவரான செபாஸ்டியன் கோ அந்நிறுவனத்தின் தூதராக இருந்ததால் கேள்விகள் எழுந்தன. தவறு எதுவும் இல்லை என்று கூறிய அவர், 2015 நவம்பரில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். கொரோனாவால் அப்போட்டி 2022இல்தான் நடந்தது.

புடாபெஸ்ட் 2023இல் டான்யூப் கரையில் கட்டிய அரங்கத்தில் 35,000 பேர் அமர்ந்தார்கள்; போட்டி முடிந்ததும் மேல்தளத்தைக் கழற்றி 15,000 ஆகக் குறைப்பதென முதலிலேயே திட்டமிட்டிருந்தார்கள். ஓடுதளம் தங்கியது. 2025 போட்டி நைரோபி, சிங்கப்பூர், போலந்தின் சைலேசியா ஆகியவற்றை முந்தி டோக்கியோவுக்குச் சென்றது. 2027 பெய்ஜிங்குக்குரியது; அதற்கு முயன்ற ரோமுக்கு அரசின் நிதி உத்தரவாதம் கிடைக்கவில்லை. 2029 போட்டியில் இந்தியத் தடகளக் கூட்டமைப்பும் ஆர்வம் தெரிவித்தது.